நாலாவது புள்ளி

மதுரை மறதி மையத்தில் அந்த இயந்திரத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது ஆள்காட்டிதான். அதன் வாயில் விரலை வைத்தால் போதும். ஊசி குத்தியது தெரியாமலே ரத்தத்தைத் தொட்டுப் பார்த்து, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று திரையில் காட்டிவிடும்.

"யார் யார்னா? என் பொஞ்சாதி ரத்தத்துல அவதான இருப்பா" என்று கேட்டான் செந்தட்டி.

பக்கத்திலிருந்த அவன் மனைவி குப்பம்மாளுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அவளும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தாள்.

எதிரே இருந்த நஸ்ரின், நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்வதற்கென்றே மையத்தில் வேலைக்கு வைக்கப்பட்டவள். பொறுமையாகப் பேசுவாள். "கர்ப்பத்துல பிள்ளையோட அணுக்கள் கொஞ்சம் அம்மா ரத்தத்துக்கு வந்துரும்ண்ணே. பிள்ளை தங்காமப் போனாலும் அது போகாது. வருஷக்கணக்கா உள்ளயே சுத்திட்டிருக்கும். எல்லா அம்மாவுக்கும் அப்படித்தான்."

குப்பம்மாளின் வலது கை தானாக வயிற்றின் மேல் போய் உட்கார்ந்தது. இடது கை மடியில் கிடந்தது. அது இப்போதெல்லாம் சொன்ன பேச்சைப் பாதிதான் கேட்கும்.

அவளுக்கு மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. முதலாவது ஐந்தாம் மாதத்தில் போனது. உடம்புச் சூடு என்றார்கள். இரண்டாவது ஏழாம் மாதத்தில். பப்பாளி தின்றிருப்பாள் என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு ஒரு நாள் இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து, தரையில் ஊன்ற முடியாமல் ஆனபோதுதான், சிவகாசி ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டரம்மா, அதுவரை யாரும் எழுதித்தராத ரத்தப் பரிசோதனை ஒன்றை எழுதித்தந்தாள். ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம் என்று முடிவு வந்தது. நோய்க்குப் பெயர் கிடைத்த அன்று குப்பம்மாள் அழுதாள். பயத்தில் அல்ல. பப்பாளி இல்லை என்று தெரிந்ததற்காக.

மூன்றாவது பிள்ளைக்கு வயிற்றில் தினமும் ஊசி போட்டுக்கொண்டாள். அந்த ஊசி எத்தனையோ பெண்களுக்குக் கை கொடுத்திருக்கிறது. அவளுக்குக் கொடுக்கவில்லை. பிறகு ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை, கீரைக்கு அளவு, அடிக்கடி பரிசோதனை என்று நாட்கள் போயின. அவள் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்தாள். அச்சான தாள்களை லென்ஸ் வைத்துப் பார்த்து, நிறம் நிறத்தின் மேல் சரியாக விழுந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். ஒரு காலையில் இடது கையிலிருந்து லென்ஸ் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவளுக்குக் கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மூளையில் ஒரு சின்ன ரத்தக்கட்டு. அதற்குப் பிறகுதான் இந்த மையம்.

நஸ்ரின் சொன்னாள்: "நம்ம உடம்புல காவலுக்குன்னு அணுக்கள் இருக்குக்கா. உங்களுக்கு அது ஏதோ ஒரு நாள் தப்பா ஒண்ணை எதிரின்னு ஞாபகம் வெச்சிருச்சு. அந்தத் தப்பு ஞாபகத்தாலதான் காயமே இல்லாம ரத்தம் கட்டிக்குது. கால்ல கட்டுனா வீக்கம். மூளையில கட்டுனா கை போகும். நச்சுக்கொடியில கட்டுனா பிள்ளைக்குச் சாப்பாடு போகாது. நாங்க என்ன பண்றோம்னா, அந்த ஞாபகத்தை மொத்தமா அழிச்சுட்டு, உங்க எலும்புல இருந்து எடுத்த அணுவ வெச்சு, இதுதான் நீ, மத்ததெல்லாம் வேத்தாளுன்னு காவலுக்குப் புதுசா பாடம் சொல்லித் தர்றோம்."

"அப்ப நல்லதுதான?"

"நல்லதுதான். ஆனா புதுக் காவல் ரொம்பக் கறாரு. உங்களது இல்லாத எதையும் உள்ள விட்டு வைக்காது. அதனால யார் யாரு போவாங்கன்னு முன்னாடியே காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்கணும். சட்டம் அப்படி."

குப்பம்மாள் விரலை வைத்தாள். திரை கறுத்தது. அதில் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம் ஓடியது. அதுதான் அவள். மூட்டத்துக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு புள்ளி வந்து, தயங்கி, கடந்து போனது. பிறகு ஊதாவில் ஒன்று. பச்சையில் ஒன்று. குப்பம்மாள் மனதுக்குள் எண்ணினாள். ஐந்தாம் மாதத்தில் போனது, ஏழாம் மாதத்தில் போனது, ஊசிக்கும் அடங்காமல் போனது. மூன்று பேரும் இத்தனை நாளும் போகவே இல்லை.

"மொத்தம் நாலு பேரு" என்றாள் நஸ்ரின், தினமும் சொல்லிப் பழகிய குரலில்.

"மூணு" என்றான் செந்தட்டி.

"இல்லண்ணே. அந்தா, செம்மண் கலர்ல ஒண்ணு வருது பாருங்க. மத்த மூணுலயும் உங்க சாயல் இருக்கு. வர்றப்ப எச்சில் குடுத்தீங்கல்ல, அதுல ஒத்துப் பாத்துரும். நாலாவதுல மட்டும் உங்க…"

நஸ்ரின் நிறுத்திக்கொண்டாள். நிறுத்திய இடம்தான் தப்பாகப் போயிற்று. முழுதாகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கேட்டிருக்காது.

"இதுக்கு வேற காரணம் இருக்கலாம்ண்ணே. கொஞ்சம் உக்காருங்க."

"நான் வெளிய நிக்கேன்" என்று சொல்லிவிட்டுச் செந்தட்டி எழுந்து போனான்.

சிவகாசிப் பேருந்தில் அவளுக்கும் தனக்கும் நடுவில் பையை வைத்துக்கொண்டான். விருதுநகரில் வண்டி நின்றபோது இறங்கிப்போய் ஒரே ஒரு டீ வாங்கிக் குடித்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த நிறுத்தத்தில் அவன் இரண்டு டீயோடுதான் ஜன்னலுக்கு வருவான். குப்பம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் குடித்து முடிக்கிறவரை பார்த்தாள்.

திருத்தங்கல் தாண்டியதும் கேட்டான். "யாரு?"

"யாருமில்ல."

"அப்ப மிஷின் பொய் சொல்லுதா?"

"மிஷின் யாருன்னு சொல்லலியே."

"யாருன்னு சொல்லாட்டி என்ன. நான் இல்லன்னு சொல்லிருச்சுல்ல."

அவளுக்கு, ரத்தத்துக்குள் இருப்பவர்களுக்கு இது கேட்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. கேட்கக்கூடாது என்று சேலைத் தலைப்பால் வயிற்றை மூடிக்கொண்டாள். மூடிய பிறகுதான், அவர்கள் வயிற்றில் மட்டும் இல்லை, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எங்கும் இருக்கிறார்கள் என்பது உறைத்தது.

அச்சகத்தில் மறுநாள் அவளுக்கு வேலை ஓடவில்லை. வெண்ணெய் தின்னும் கண்ணன் படம் அச்சாகிக்கொண்டிருந்தது. லென்ஸை வைத்தால் கண்ணன் இருக்க மாட்டான். கன்னம், உதடு, வெண்ணெய் எல்லாம் வெறும் புள்ளிகள். கண்ணை எடுத்தால் பிள்ளை வந்துவிடும். மறுபடி வைத்தால் போய்விடும். எத்தனையோ ஆயிரம் தாள் பார்த்த கண்தான். அன்றைக்கு அந்தப் புள்ளிகள் நகர்வது போலிருந்தது. ஒன்று மட்டும் நகராமல் நின்று அவளையே பார்ப்பது போலவும் இருந்தது. யார் நீ என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். பக்கத்து மேசைக்காரி, "தாள்கிட்டயே பேச ஆரம்பிச்சுட்டியா? லீவு போட்டுட்டுப் போடீ" என்றாள்.

மத்தியானம் நஸ்ரினின் போன் வந்தது.

"அக்கா, தப்பு என் மேல. அவர வெளிய இருக்கச் சொல்லிட்டு உங்ககிட்டதான் சொல்லியிருக்கணும். ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு மூத்தவங்க யாராவது உண்டா?"

"நான் ஒத்தப் பிள்ள."

"தங்காமப் போனது?"

"அப்படியெல்லாம் யாரும் சொன்னதில்லையே."

"உங்கம்மா ரத்தத்துல முன்னாடியே ஒரு பிள்ளையோட அணு இருந்திருந்தா, நீங்க வயித்துல இருக்கும்போது அது உங்களுக்குள்ளயும் வந்திருக்கும். அபூர்வம்தான். ஆனா நடக்கும். அப்பாகிட்டக் கேளுங்கக்கா. அவரு எச்சில் கொஞ்சம் இருந்தா மிஷின்ல ஒத்துப் பாத்துருவோம். சீக்கிரம் கேளுங்க. அடுத்த கட்டு எப்ப வரும்னு நம்மளால சொல்ல முடியாது."

அப்பா இருளப்பன் சாத்தூரில் தனியாக இருந்தார். மினிபஸ் ஓட்டி ஓய்ந்தவர். மகள் வருகிறாள் என்றால் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வைத்திருப்பார். கீரை ஆகாது என்று அவள் ஒரு தடவை சொன்னதுதான். எது ஆகும், எது ஆகாது என்று ஆஸ்பத்திரி நர்சிடமே போய்க் கேட்டு வந்திருந்தார்.

"வாத்தா. கால நீட்டி உக்காரு. மாப்பிள வரலியா?"

"வரல. எனக்கு முன்னாடி யாராச்சும் பொறந்தாங்களாப்பா?"

வெள்ளரி சீவிக்கொண்டிருந்த கத்தி நின்றது. "எவன் கேக்கச் சொன்னான்?"

"மிஷினு."

"மிஷினுக்கு வேற சோலி இல்ல போல" என்று சொல்லிவிட்டு மறுபடி சீவ ஆரம்பித்தார். தோலோடு சதையும் சேர்ந்து போனது.

குப்பம்மாள் வற்புறுத்தவில்லை. வீங்கிய காலை எதிரே இருந்த முக்காலியில் தூக்கி வைத்தாள். சேலை முழங்கால் வரை ஏறியது. அப்பா பார்வையைத் திருப்பிக்கொண்டார். பிறகு திருப்பிய பார்வை திரும்பி வந்தது. அவள் காலில் ஊதா நிறத்தில், கட்டம் கட்டமாக ஒரு வலை படர்ந்திருந்தது.

"இது எப்பருந்து இருக்கு?"

"ரொம்ப நாளா. இந்த நோவுக்காரவுக சில பேருக்கு வருமாம்."

"உங்கம்மாவுக்கும் இருந்துச்சு" என்றார் இருளப்பன். "மீன் வலயப் போத்துனாப்ல. நாகம் சுத்துன தடம்னாங்க."

கத்தியைக் கீழே வைத்தார். வாசற்கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தார். வெளியே பட்டப்பகல். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. அப்படியும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பையன். எட்டு மாசம். வெளிய வரும்போதே மூச்சு இல்ல. மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னாங்க, நான் பாக்கல. துணியில சுத்திக் குடுத்தாங்க. இம்புட்டுதான் கனம்." கையிலிருந்த வெள்ளரியைப் பார்த்தார். அதையும் கீழே வைத்துவிட்டார். "அடுத்து நீ பொறந்த. நீயாச்சும் தங்கணும்னு குப்பமேட்டுக்குத் தூக்கிட்டுப்போயி, குப்பையில மூணு பெரட்டு பெரட்டி எடுத்தாங்க. எமன் வந்து பாத்தாலும் இது குப்பைன்னு விட்டுட்டுப் போகணும்ல. அதான் பேரு."

பள்ளிக்கூடத்தில் குப்பைவண்டி வருது என்று பிள்ளைகள் கத்தியபோதெல்லாம் அவள் அழுதுகொண்டு வந்து கேட்டிருக்கிறாள். அப்பத்தாவுக்கு அம்மா பேரு என்று ஒரே பதில்தான் கிடைக்கும்.

"ஏம்ப்பா சொல்லல?"

"முன்னாடி ஒருத்தன் இருந்தான்னு உங்காதுல விழவே கூடாதுன்னாங்க. விழுந்தா அவன் வந்து உன்னைய வெளையாடக் கூப்பிடுவானாம். நீயும் போயிருவியாம். உங்கம்மா சாகுற வரைக்கும் அவனப் பத்தி வாயத் தொறக்கல. எங்கிட்டக்கூட." சாத்திய கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இப்ப சொல்லிட்டேன். எனக்கு நடுங்குது தாயி."

அம்மா போனபோது குப்பம்மாளுக்கு ஆறு வயது. கொத்துமல்லி நறுக்கிக்கொண்டிருந்தவளின் கை சோர்ந்து விழுந்தது. வாய் கோணியது. உச்சி வெயிலில் ஓடைப்பக்கம் போனாள், பேய்க்காற்று அடித்துவிட்டது என்றார்கள். காலில் வலை, தங்காத பிள்ளை, விழுந்த கை. மூன்றும் அந்த வீட்டுக்குள் எல்லோர் கண்ணெதிரே இருந்திருக்கின்றன. மூன்றையும் சேர்த்து வைத்து ஒரு பரிசோதனை எழுதித்தர ஓர் ஆள் இல்லை.

"அவன் கூப்பிட வரமாட்டான்ப்பா" என்றாள் குப்பம்மாள். "மொதல்லருந்தே இங்கதான் இருந்திருக்கான்."

மையத்துக்கு இருளப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எச்சிலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். செந்தட்டியும் வந்திருந்தான். மாமனார் போன் போட்டு, "வந்து நில்லுங்க மாப்பிள" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

நஸ்ரின் இந்த முறை ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாள். "நாலாவது அக்காவோட கூடப் பொறந்தவரு. அய்யா, உங்க மகன்தான்."

இருளப்பன் எழுந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் வந்து நின்றார். குப்பம்மாள் விரலை வைத்தாள். சாம்பல் மூட்டம் ஓடியது. வெகு நேரம் எதுவும் வரவில்லை. பிறகு செம்மண் நிறப் புள்ளி ஒரு ஓரத்திலிருந்து வந்து, அவர் முகத்துக்கு நேராகக் கடந்தது.

"பேசுனா கேக்குமாம்மா?"

"கேக்காதுய்யா."

அவர் தலையசைத்தார். அது மறுபடி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

செந்தட்டி கிட்டே வந்தான். திரையைக் காட்டிக் கேட்டான். "இதுல மொதப் பிள்ள எது?"

"மஞ்சள்" என்றாள் நஸ்ரின்.

"மூணும் போயிருமா?"

குப்பம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அன்னைக்கு நாலாவத மட்டுந்தான் பாத்தீங்க. இன்னைக்குத்தான் மத்த மூணு கண்ணுல படுதாக்கும்."

அவன் தலை கவிழ்ந்தது. சமாதானத்துக்காக அவள் காத்திருக்கவில்லை.

நஸ்ரின் தாளை நகர்த்தி வைத்தாள். "போட்டா நாலு பேரும் போயிருவாங்கக்கா. போடலேன்னா அடுத்த கட்டு வர்றப்ப கையோட நிக்காது. அவசரப்படுத்தல. வீட்டுக்குப் போயி யோசிச்சுட்டு வாங்க."

"நான் போட்டுட்டா, இவங்கள வெரட்டுனது நானுன்னு ஆகாதா?"

இருளப்பன்தான் பேசினார், திரையைப் பார்த்தபடியே.

"போடு தாயி. உங்கம்மாவ நான் பாத்தாச்சு. இன்னொரு தடவ பாக்க முடியாது."

அவள் கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகும் விரலை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி ஆள்காட்டி மணியடித்தது. சற்றுப் பொறுத்து மறுபடி அடித்தது. மஞ்சள் ஒரு தடவை வந்து போகட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

மறதி என்று பெயர் வைத்தவர்கள் அதை அனுபவித்தவர்களாக இருக்க மாட்டார்கள். காய்ச்சலும் நடுக்கமும் வாந்தியுமாக, யாரும் தொடக்கூடாத கண்ணாடி அறைக்குள் குப்பம்மாள் கிடந்தாள். கண்ணை மூடினால் புள்ளிகள் வந்தன. அவை கைவிரல் நுனி வரை ஓடிவந்து, வழியில்லாமல் திரும்பிப் போவதை உணர்ந்தாள். அது காய்ச்சலின் கோலம் என்று டாக்டர் சொன்னார். ஒரு விடிகாலையில் உடம்பு திடீரென்று விசாலமாகிப் போனது. விசேஷம் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போன வீடு மாதிரி. அன்று அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

செந்தட்டி தினமும் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றான். கையில் இரண்டு டீ இருக்கும். உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று தெரியும். ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதைக் கண்ணாடியோரம் வைத்துவிட்டுப் போவான். அவனை மன்னித்துவிட்டாயா என்று அவளைக் கேட்டால், டீ ஆறிருச்சு என்பாள். அதற்கு மேல் அதில் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

காய்ச்சல் விட்டு, வீட்டுக்குப் போய், காலின் வலை மங்கி, இடது கை ஒரு தம்ளரைப் பிடிக்குமளவுக்குத் தேறிய பிறகு, மறுபரிசோதனைக்கு அழைத்தார்கள். ரத்தத்தில் தப்பு ஞாபகம் துளியும் இல்லை என்றாள் நஸ்ரின். மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கலாம். கொஞ்ச காலம் போனால் பிள்ளைக்கும் பார்க்கலாம்.

"விரல வைக்கவாக்கா? முடிஞ்சதுக்கு அத்தாட்சி எடுக்கணும். நீங்க பாக்க வேண்டாம்னா திரையத் திருப்பி வெச்சுக்கறேன்."

"வேண்டாம். பாக்கேன்."

சாம்பல் மூட்டம் ஓடியது. மஞ்சள் இல்லை. ஊதா இல்லை. பச்சை இல்லை. லென்ஸ் வைத்துப் பார்க்கிற கண்ணால் மூலை மூலையாகத் தேடினாள். இல்லை. இதற்காகத் தன்னைத் தயார்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தாள். அப்படியும் இன்னொரு தடவை தேடினாள். விரலை எடுக்கப் போனாள்.

"இருங்கக்கா" என்றாள் நஸ்ரின்.

ஒரு ஓரத்திலிருந்து செம்மண் நிறப் புள்ளி வந்தது. அவசரமில்லாமல் திரையைக் கடந்து போனது.

நஸ்ரின் பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இயந்திரத்தைத் துடைத்து மறுபடி போட்டார்கள். மறுபடியும் வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, அவர்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, நஸ்ரினை விட்டுவிட்டுப் போனார்கள்.

"மத்த மூணு பேரும் நீங்க வளந்த பிறகு வந்தவங்கக்கா" என்றாள் நஸ்ரின், மெதுவாக. "இவரு நீங்க உருவாகும்போதே கூட இருந்தவரு. உங்க எலும்புக்குள்ள மொதல்லயே எடம் போட்டுட்டாரு. இதுதான் நீன்னு பாடம் சொல்லித்தர்றதுக்கு உங்க எலும்புல இருந்துதான அணு எடுத்தோம். அதுல அவரும் சேந்து வந்துட்டாரு. உங்க உடம்புக்கு அவரு வேத்தாளு இல்ல. அவரையும் சேத்துத்தான் உங்களையே அதுக்குத் தெரியும்."

"ஒண்ணும் செய்யாதே?"

"இத்தன வருஷமா ஒண்ணும் செய்யலையேக்கா."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள். செந்தட்டி டீக்கடைப் பக்கம் போயிருந்தான். நோய் இல்லையாம் என்று முதலில் சொன்னாள். அப்பா மூச்சு விடுவது கேட்டது.

"பிள்ளைக?"

"போயிட்டாங்கப்பா. மூணு பேரும்."

"ம்" என்றார் அப்பா.

"அண்ணன் போகல" என்றாள் குப்பம்மாள். அந்தச் சொல்லை அவள் வாழ்நாளில் சொந்தமாக யாருக்கும் சொன்னதில்லை. "அவன் மட்டும் இருக்கான்."

மறுமுனையில் வாசற்கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, அன்றைக்குப் பேசிய அதே தாழ்ந்த குரல் வந்தது.

"தனியாவா இருக்கான்?"

குப்பம்மாள் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். நடுக்கம் இருந்தாலும் அது எழுந்து வந்தது. மணிக்கட்டில் நாடி துடித்துக்கொண்டிருந்தது.

"இல்லப்பா" என்றாள். "நான் இருக்கேன்ல."